மாதவரம் என்றொரு குமிழ்

கயலின் வேலை மௌனம் தயாரிப்பது. முழுப்பெயர் அங்கயற்கண்ணி. மதுரையில் அந்தப் பெயருக்கு இருந்த மரியாதை சென்னை ஆபீஸில் முதல் நாளே போய்விட்டது. அடையாள அட்டையில் இடம் போதவில்லை என்று கயல் ஆக்கிவிட்டார்கள்.

சுரும்பு ஆடியோ என்ற அந்தக் கம்பெனி பழைய வால்வ் ஆம்ப்ளிஃபையர்களை நகலெடுத்து விற்றது. எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறவர்கள் ஒரு தினுசானவர்கள். உலகம் வால்வை மறந்து, டிரான்சிஸ்டரையும் மறந்து எங்கேயோ போய்விட்டது. இவர்கள் மட்டும் கண்ணாடிக் குழாய்க்குள் சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும் பழைய சமாசாரம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பார்கள். ஆனால் அந்தப் பெட்டியைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வால்வ் போனால் கிடைக்காது. அபார்ட்மெண்டில் சத்தமாக வைத்தால் அசோசியேஷன் செகரட்டரி வந்துவிடுவார். அதனால் அதன் குணத்தை மட்டும் உருவி, டிபன் பாக்ஸ் அளவில் ஒரு டிஜிட்டல் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தால் வாங்கத் தயார்.

குணம் என்பதில் முக்கியமானது அமுங்கல். கிடாரை ஓங்கி மீட்டினால் வால்வுகள் திடீரென்று நிறைய கரண்ட் கேட்கும். பவர் சப்ளை ஒரு கணம் திணறும். ஒலி கொஞ்சம் அமுங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வரும். பொறியியல் கண்ணோட்டத்தில் அது ஒரு குறை. வாசிக்கிறவர்களோ அதற்காக உயிரை விடுவார்கள்.

நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான சோதனை உண்டு. அசல் ஒலியிலிருந்து நகலின் ஒலியைக் கழிக்க வேண்டும். இரண்டும் ஒன்றேயானால் மிச்சம் எதுவும் கேட்காது. அந்த மௌனம் வரும்வரை கயல் திருத்திக்கொண்டே இருப்பாள். இதற்காகத்தான் அவளுக்குச் சம்பளம்.

ரூபன் தேவசகாயத்தின் ஆம்ப்ளிஃபையர் அவள் மேசைக்கு வந்தபோது ஆபீஸே எழுந்து நின்று பார்த்தது. ரூபனுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். முப்பது வருஷம் கல்யாண ரிசப்ஷன்களிலும் ஸ்டூடியோக்களின் பின்வரிசையிலும் உட்கார்ந்து வாசித்தவர். உலகம் அவரை அறிந்தது நாற்பது விநாடி நீளமுள்ள ஒரு துண்டுக்காக. பத்தொன்பது வருஷம் முன்னால், ஒரு பெரும் புயல் அடித்து ஊரே இருட்டில் கிடந்த டிசம்பரில், மாதவரத்தில் தன் வீட்டில் ஜெனரேட்டர் போட்டுக்கொண்டு சர்ச் கிறிஸ்துமஸுக்காக ஒரு மெட்டை ரெக்கார்ட் செய்தார். நடுவில் ஒரு சுரம், காலடித் தரை விலகியதுபோல் அமிழ்ந்துபோகும். அங்கேயே கொஞ்சம் கிடக்கும். பிறகு எழுந்து வரும். இணையத்தில் பல வருடம் தூங்கிக்கொண்டிருந்த அந்தத் துண்டை எந்த ஊர்க்காரனோ கண்டெடுத்தான். அதற்கப்புறம் நார்வேயிலிருந்து பிரேசில்வரை அந்த அமிழ்தலை வாசிக்க முயன்று தோற்றவர்கள் ஏராளம். எப்படி வாசித்தீர்கள் என்று பேட்டியில் கேட்டால் ரூபன் சிரித்துக்கொண்டே, "கர்த்தருடைய கிருபை" என்பார்.

ஆம்ப்ளிஃபையரோடு தன்னுடைய எல்லா வீட்டு ரெக்கார்டிங்குகளையும் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு டிராக். ஒன்று கிடாரிலிருந்து நேராக எடுத்தது. இன்னொன்று ஆம்ப்ளிஃபையர் முன்னால் மைக் வைத்து எடுத்தது. கயலுக்கு இது லட்டு மாதிரி. முதலாவதைத் தன் நகலுக்குள் அனுப்பி, இரண்டாவதிலிருந்து கழித்தாள். எல்லாவற்றிலும் மௌனம் வந்தது, புயல் டிராக்கைத் தவிர. அதில் அந்தச் சுரத்தின் இடத்தில் மட்டும் ஏதோ மிச்சமிருந்தது.

"கௌசிக், இது ஆம்ப்ல இல்ல. அவர் கையிலயும் இல்ல," என்றாள், முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டி.

கௌசிக் அவளைவிட நான்கு வயது பெரியவன். ஆபீஸுக்கு அரை டவுசரில் வருகிறவன். "அப்புறம் எங்க இருக்கு?"

"பிளக்ல. அன்னிக்கு வந்த கரண்ட்ல. அவர் என்ன வாசிச்சார்னு தனியா இருக்கு. ஆம்ப் என்ன செய்யும்னு நமக்கு அத்துப்படி. தெரியாதது ஒண்ணே ஒண்ணு, ஜெனரேட்டர் குடுத்த வோல்டேஜ். மிச்சத்த வச்சு அத பின்னோக்கிக் கணக்குப் போட்டு எடுத்துரலாம்."

"அந்த இடத்துல வோல்டேஜ் விழுந்திருக்கா?"

"பயங்கரமா. ரெண்டு செகண்டுக்கு வேற எதோ ஒண்ணு அந்த ஜெனரேட்டர இழுத்திருக்கு. அப்புறம் விட்டிருச்சு."

கௌசிக்கின் முகம் மலர்ந்தது. "அப்ப உலகத்துல யாராலயும் அத வாசிக்க முடியாதுன்னு சொல்லு. நம்ம பாக்ஸ்ல மட்டும்தான் வரும். அந்த லோடையும் சேத்து மாடல் பண்ணு. அதுக்குன்னு ஒரு நாப் குடு."

அப்படித்தான் அந்தக் குமிழ் பிறந்தது. பெயர் மாதவரம். வெளிநாட்டுக்காரர்களுக்கு வாயில் நுழையாத பெயராக இருந்தால்தான் நன்றாக விற்கும் என்பது கௌசிக்கின் சித்தாந்தம். பூஜ்யத்தில் வைத்தால் சாதாரண ஆம்ப்ளிஃபையர். ஐந்தில் வைத்தால் ரூபனின் சுரம் அமிழ்கிற மாதிரியே அமிழும். பத்தில் வைத்தால் அந்த இரண்டு விநாடி ஐந்து விநாடியாக இழுபடும். சோதனைக்கு அனுப்பிய முந்நூறு பேரும் குமிழைப் பத்தில் வைத்துவிட்டு இறக்கவே இல்லை என்று சேதி வந்தது. வெளியீட்டுக்கு ரூபனின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

கயலுக்கு ஒரு குறுகுறுப்பு. இழுத்தது எது? கம்பெனியின் புரோகிராமுக்கு மின்சாதனங்களின் ஜாதகம் தெரியும். மிக்ஸி இழுப்பது ஒரு விதம், ஃப்ரிட்ஜ் ஒரு விதம், தண்ணீர் மோட்டார் இன்னொரு விதம். அந்த இரண்டு விநாடியைக் கொடுத்து என்னவென்று கேட்டாள். பொருத்தமான சாதனம் இல்லை என்றது. நெருங்கியது எது என்றாள். முதலில் உப்புநீர், ஏறத்தாழ ஆயிரம் ஓம். அடுத்து உலோகத் தொடுகை. அடுத்து ஒன்றுமில்லை என்று, நடந்த வரிசையில் மூன்று வரி வந்தது.

ஆயிரம் ஓம் என்பதை எங்கேயோ படித்த ஞாபகம் அவளுக்கு. எங்கே என்று வரவில்லை.

கையெழுத்துப் போட ரூபன் வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மூக்குக் கண்ணாடி. குமிழைத் திருகிப் பார்த்து, தன் சுரம் தானாக வருவதைக் கேட்டு, "அடப்பாவிங்களா, அப்படியே இருக்குதே," என்றார். டீ வந்தது. கயல் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"அன்னிக்கு ஜெனரேட்டர்ல வேற என்ன சார் ஓடிட்டிருந்தது?"

"ஒண்ணும் இல்லம்மா. ஆம்ப் மட்டும்தான். லேப்டாப்கூட பேட்டரில."

"தண்ணி மோட்டார்?"

"சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்மா அது. மோட்டார் போட்டா செத்துரும்."

"ஆம்பை நேரா அதுல சொருகினீங்களா?"

"எங்க? அது பின்னாடி கொல்லையில கெடந்துது. ஒரே பொகை. ஒயர் எட்டாது. ரெண்டு பக்கமும் பிளக் வச்ச ஒயர் ஒண்ணு வீட்ல வச்சிருப்போம்ல? ஒரு முனைய ஜெனரேட்டர்ல சொருகிட்டு இன்னொரு முனைய கிச்சன் சுவத்துல சொருகினா வீடு முழுக்க கரண்ட் வந்துரும். எங்க ஏரியாவுல எல்லாரும் செய்றதுதான்."

அந்த ஒயரை கயலும் பார்த்திருக்கிறாள். சுவரிலிருந்து கரண்ட் எடுப்பதற்குப் பதிலாகச் சுவருக்குக் கரண்ட் கொடுக்கிற ஏற்பாடு. வீட்டின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுச் செய்தால் கரண்ட் வீட்டுக்குள்ளேயே இருக்கும். அணைக்காவிட்டால் மீட்டர் வழியாக வெளியே போய்த் தெருக் கம்பத்தில் ஏறிவிடும்.

"மெயின ஆஃப் பண்ணிட்டுதானே சார் சொருகினீங்க?"

ரூபன் டீயை ஒரு வாய் குடித்தார். "அத எதுக்கும்மா ஆஃப் பண்ணணும்? தெருவுலதான் கரண்டே இல்லையே."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் மாறியது. கப்பை மேசையில் வைக்கப் பார்த்தார். டீ சிந்தியது.

"அன்னிக்கு எங்க தெருவுல ஒரு லைன்மேன் விழுந்தாரும்மா," என்றார்.

ஆயிரம் ஓம் எங்கே படித்தது என்று அப்போது கயலுக்கு ஞாபகம் வந்தது. காலேஜ் முதல் வருஷம், பாதுகாப்புப் பாடம். நனைந்த மனித உடம்பின் மின்தடை.

ரூபன் திக்கித் திணறிச் சொன்னார். வெளிமாவட்டங்களிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். அவர் தெருவுக்கு இரண்டு பேர் வந்தார்கள். மரம் விழுந்து கம்பி அறுந்து, டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி அவர் வீட்டோடு சேர்த்து மூன்று வீடுகளுக்கு மட்டும் கம்பி மிஞ்சியிருந்தது. மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் வெள்ளத்துக்குப் பயந்து பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஒருவன் டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்க, இன்னொருவன் கம்பத்தில் ஏறினான். வாசித்து முடித்த கையோடு வெளியே கூச்சல் கேட்டு, ரூபன் பெட்ரோலை வீணாக்க வேண்டாம் என்று ஜெனரேட்டரை அணைத்துவிட்டு ஓடினார். செம்பில் தண்ணீர்கூடக் கொண்டுபோனார்.

"ஃபியூஸ் புடுங்கினவன் கதறினாம்மா. புடுங்கிட்டேன், சத்தியமா புடுங்கிட்டேன்னு. யாரும் நம்பல. நானும் நம்பல."

"உங்களுக்குத் தோணவே இல்லையா சார்?"

"கர்த்தர் சாட்சியா, இந்த நிமிஷம்வரைக்கும் தோணல."

நம்பும்படியாகத்தான் இருந்தது. அவர் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார்.

கௌசிக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் வெளியீட்டுத் தேதி குறித்தாகிவிட்டது. "புயல்ல எத்தனையோ பேர் செத்தாங்க. இதுல இது இன்னதுன்னு நம்ம மூணு பேரத் தவிர யாருக்குத் தெரியப்போவுது? நாப் இருக்கட்டும். உறுத்துச்சுன்னா பேர வேணா மாத்திரலாம்."

பத்தில் வைத்தால் ஐந்து விநாடி வரும்படி இழுத்தவள் கயல்தான். இழுவை இயல்பாக இருக்கிறதா என்று எத்தனையோ தடவை ஹெட்போனில் கேட்டு ரசித்தவளும் அவள்தான். லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பழைய செய்தியில் பெயர்கள் கிடைத்தன. இறந்தவர் ஏழுமலை. ஃபியூஸைப் பிடுங்கவில்லை என்று வேலையை இழந்து, வழக்கில் சிக்கி, சில மாதம் உள்ளேயும் இருந்தவர் சின்னப்பன். இறந்தவரின் மைத்துனர். அக்காள் புருஷனும் மச்சானுமாக ஒரே ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்திருக்கிறார்கள். சின்னப்பன் இப்போது திண்டிவனத்தில் இருந்தார்.

"நானும் வர்றேன்," என்றார் ரூபன், போனில். "மொதல்ல அவன்கிட்ட சொல்லணும். அப்புறம் போலீஸ்ல சொல்றேன். இந்த வயசுல என்ன செஞ்சுருவாங்க? செஞ்சாலும் செய்யட்டும்."

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று அறை கொண்ட டைல்ஸ் போட்ட வீடு. கதவைத் திறந்தது சின்னப்பனின் அக்கா அஞ்சலை, அதாவது ஏழுமலையின் மனைவி. வெள்ளை முடி, திடமான குரல். மெட்ராஸிலிருந்து தம்பியைப் பார்க்க வந்தவர்கள் என்றதும், "உக்காருங்க, இவன் பின்னாடி துணி காயப்போட்டுக்கினு கீறான். வூட்ல பால் இல்ல, வாங்கியாந்துர்றன்," என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சின்னப்பன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கயல் சொன்னாள். முடிந்தவரை சுலபமாகச் சொன்னாள். ஜெனரேட்டர், இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர், மெயின் ஸ்விட்ச், அன்று பதிவான பாட்டு, அதிலிருந்து பிறந்த குமிழ். அந்த மனிதருக்குப் பாதி சொன்னாலே போதுமாயிருந்தது. லைனில் வேலை பார்த்தவர். கயல் போனில் அன்றைய வோல்டேஜின் வரைபடத்தைக் காட்டினாள்.

"ஃபியூஸ் போட்டிருந்தா இந்தக் கோடு இப்படி விழவே விழாது ஐயா. டிரான்ஸ்ஃபார்மர் கரண்ட் இவ்வளவு சீக்கிரம் திணறாது. சின்ன ஜெனரேட்டர் ஒண்ணுதான் அந்தக் கம்பில இருந்திருக்கு. நீங்க ஃபியூஸைப் புடுங்கினது உண்மை."

சின்னப்பன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ரூபன் எழுந்து அவர் முன்னால் நின்றார்.

"பீஸ் கட்டை மூணும் என் பையிலதாங்க இருந்துச்சி," என்றார் சின்னப்பன், கொஞ்சம் அடங்கியபின். "புடுங்கனா யாரும் திரும்ப சொருவிடக் கூடாதுன்னு பையில போட்டுக்கிறது எங்க வழக்கம். அத எடுத்துக் காட்டனன். மாமா வுழுந்தப்புறம் ஓடிப்போயி புடுங்கி வச்சிக்கினன்னு சொல்லிட்டாங்க. சொல்லிச் சொல்லி எனக்கே, புடுங்கலியோன்னு ஆயிப்போச்சி."

"தப்பு என்னுதுப்பா," என்றார் ரூபன். "நான் போலீஸ்ல எழுதிக் குடுக்கறேன். பேப்பர்ல வர வைக்கறேன். உன் மேல ஒரு குத்தமும் இல்லன்னு ஊருக்கே தெரியணும்."

சின்னப்பன் வாசல் பக்கம் பார்த்தார். "இது யார் யாருக்குத் தெரியும்?"

"நாங்க ரெண்டு பேரு. எங்க ஆபீஸ்ல ஒருத்தர்."

"அத்தோட இருக்கட்டும்மா."

கயலுக்குப் புரியவில்லை. சின்னப்பன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மாமா செத்தபின் அக்கா அவரை வாசற்படி ஏற விடவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே போயிற்று. பிறகு அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. தாய்மாமன் மாலை போட்டு மணவறைக்கு அழைத்துவராமல் எப்படி என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். செய்ததை ஒத்துக்கொண்டால் உள்ளே வரலாம்.

"மண்டபத்துல எல்லாரும் இருக்க சொல்ல அக்கா கால்ல வுழுந்தன். நான் புடுங்கல அக்கா, மறந்துட்டன், மன்னிச்சிக்கன்னு சொன்னன். அது என்னைத் தூக்கி நிறுத்தி அழுதுச்சி. அன்னிலேருந்து இந்த வூட்லதான் சாப்புடறன். எனக்கு வேற யாருமில்ல." மூக்கை உறிஞ்சினார். "இப்ப நீங்க வந்து நான் புடுங்கனன்னு சொன்னா, செய்யாத தப்ப தம்பி வாயால சொல்ல வச்சிதான் உள்ள வுட்டன்னு ஆயிடும் அதுக்கு. தாங்காதுங்க. செத்துப்பூடும்."

"அப்ப நான் என்னதான் செய்யறது?" என்றார் ரூபன்.

"ஒண்ணும் செய்யாதீங்க."

மன்னிப்புக் கேட்க வந்தவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது என்று கயலுக்குத் தோன்றியது. பாவமாகவும் இருந்தது. தன்னால் ஆனது ஏதாவது செய்யவேண்டும் என்று நினைத்துச் சொன்னாள், "அந்த நாபை நான் எடுத்துடறேன் ஐயா. யாரும் அத வச்சு வாசிக்கக் கூடாது."

"எடுத்தா ஏன் எடுத்தன்னு கேப்பாங்கல்ல?"

கேட்பார்கள். முந்நூறு பேர் கையில் ஏற்கெனவே இருக்கிறது. உலகமே எதிர்பார்க்கிற ஒன்றை எடுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும். அரைகுறையாகச் சொன்னால் யாராவது ஒருவன் தோண்ட ஆரம்பிப்பான். கிடார்க்காரர்களுக்கு வேறு வேலை என்ன?

"கேப்பாங்க," என்றாள்.

"அப்ப இருந்துட்டுப் போவுட்டும். பெரியவரே, நீங்களும் கையெழுத்துப் போட்டுருங்க." இதைச் சொல்லும்போது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு, "அந்தப் பாட்டு உங்ககிட்ட இருக்குதா?" என்றார்.

கயல் ரூபனைப் பார்த்தாள். ரூபன் தலையசைத்தார். போனை மேசையில் வைத்துப் போட்டாள். கிறிஸ்துமஸ் மெட்டு மெதுவாக நடந்து வந்தது. அந்தச் சுரம் வந்தது. அமிழ்ந்தது. கிடந்தது. எழுந்தது.

"இதுவா?" என்றார் சின்னப்பன்.

"இதுதான்."

"இவ்ளோதானா?"

"ரெண்டு செகண்ட்தான் ஐயா. அப்புறம் உங்க மாமா கையில இருந்த குறடு ரெண்டு கம்பியையும் தொட்டுட்டு விழுந்திருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல."

"நான் கீழ நின்னுக்கினு மேல பாத்துக்கினு இருந்தன்," என்றார் அவர். "ரொம்ப நேரம் துடிச்சாருன்னு நெனச்சிக்கினு இருந்தன். இத்தினி வருஷமா."

அஞ்சலை பால் பாக்கெட்டோடு படியேறியபோது மெட்டு கடைசி வரியில் இருந்தது. வாசலிலேயே நின்று கேட்டாள். தம்பியின் கண் சிவந்திருப்பதைப் பார்த்தாள். பாட்டுக்கு அழுகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். முகத்தில் லேசான கேலி வந்தது.

"யாரு வாசிச்சது?"

"இவருதாங்க்கா. மெட்ராசுல பெரிய கிடாரு."

"நல்லாக்கீதுங்க," என்றாள் ரூபனிடம். "வர சொல்ல வாசல்ல கேட்டன். நடுவுல ஒரு எடத்துல உள்ள போயி மேல வர்ற மாதிரி கீதே, அது என்னுமோ பண்ணுது. இன்னொரு வாட்டி போடுங்களேன்."

ரூபன் எழுந்துவிட்டார். வாயைத் திறந்தார். சின்னப்பன் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"போடும்மா," என்றார் கயலிடம். "அக்கா கேக்கட்டும்."

கயல் போட்டாள். அஞ்சலை பால் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, அந்த இடம் வந்ததும் கையை லேசாக உயர்த்தி, "இதுதான், இந்த எடம்தான்," என்றாள்.